காக்கைக்கு முதல் கவளம்

மழை மறந்துபோன ஒரு காட்டில், வற்றிக்கொண்டிருந்த குளத்தின் கரையில், ஒரு காரைப்புதருக்கு அடியில் வடிவு என்ற முயல் குடியிருந்தாள். அவளுக்கு ஒரே பிள்ளை. பெயர் பட்டு. பட்டுவின் அப்பாவைப் போன கோடையில் ஒரு பருந்து தூக்கிக்கொண்டு போய்விட்டது. அதற்குப் பிறகு அம்மாவுக்குப் பட்டு, பட்டுவுக்கு அம்மா, அவ்வளவுதான் குடும்பம்.

வடிவு சும்மா உட்கார்ந்திருக்கிறவள் இல்லை. இலவ மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பஞ்சைப் பொறுக்கி, தூசி தட்டி, கூடு கட்டும் பறவைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள். அவை பதிலுக்குக் குன்றிமணி கொடுக்கும். அந்தக் காட்டில் குன்றிமணிதான் காசு. பார்க்க அழகாகச் சிவந்திருக்கும். தின்றால் உயிர் போய்விடும். யாரும் தின்று தீர்க்க முடியாத பொருள்தானே காசாக இருக்க லாயக்கு!

நாள் முழுக்க அலைந்தால் ஒரு கைப்பிடி குன்றிமணி கிடைக்கும். அந்தக் கைப்பிடிக்குள்தான் இரண்டு வயிறும் அடங்க வேண்டும்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. எந்த வீட்டிலும் சாப்பிட உட்காரும் முன்னால், முதல் கவளத்தை வாசலில் ஓர் இலையில் காக்கைக்கு வைக்க வேண்டும். நல்ல வழக்கம்தான். வந்து சாப்பிடுகிற காக்கையும் நல்லதாக இருந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது.

அஞ்சலை என்ற அந்தக் காக்கைக்கு வயிறு சின்னது, வாய் பெரியது. வீடு வீடாகப் போய் ஒரு வாய் கொத்துவாள். பிறகு நேராக ஆலமரத்து உச்சிக்குப் போய், யார் வீட்டில் என்ன சாப்பாடு என்று காடு முழுவதும் கேட்கும்படி கத்துவாள்.

"மயில் வீட்டுல அத்திப்பழம்! அடேயப்பா, தேனேதான்!"

"கரடி வீட்டுல பலாச்சுளை! சும்மா சொல்லக் கூடாது!"

"சடைச்சி வீட்டுல இன்னைக்கும் குப்பைக்கீரை! நேத்தும் அதான். நாளைக்கும் அதான், இப்பவே சொல்லிட்டேன்!"

காடே சிரிக்கும்.

சடைச்சி யார் என்று சொல்கிறேன். வடிவின் அடுத்த வீட்டு முள்ளம்பன்றி. குளக்கரை வளையில் மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறவள். சிக்கனம் என்றால் அப்படி ஒரு சிக்கனம். பூசணித் தோலைக்கூட வீச மாட்டாள். கரையில் முளைக்கிற கீரையைப் பிடுங்கி, கிழங்கோடு சேர்த்து இடித்து, பிள்ளைகளுக்கு உருட்டிக் கொடுப்பாள். அஞ்சலை மரத்தின் மேலிருந்து என்ன கத்தினாலும் அது சடைச்சியின் முள்ளைத் தாண்டி உள்ளே போகாது.

வடிவுக்கோ முள் இல்லை. நீளக் காதுதான் இருந்தது. ஊர் பேசுவதெல்லாம் அதில் விழும். விழுந்தது வெளியே வராமல் உள்ளேயே கிடந்து குடையும்.

"நம்ம வீட்டைப் பத்தி அப்படி ஒரு பேச்சு வந்தா நான் எப்படித் தலை காட்டுவேன்?" என்று அவள் பயந்தாள். சடைச்சியின் பிள்ளைகளோடு விளையாடப் போகக் கூடாது என்று பட்டுவுக்கும் சொல்லி வைத்தாள். கீரை வாசனை ஒட்டிக்கொள்ளுமாம்!

இப்படி இருக்கையில், ஒரு சாயங்காலம் பட்டு வாசலில் தடுக்கி விழுந்தாள்.

மறுநாளும் விழுந்தாள். அடுத்த நாள் அம்மா எதிரே நிற்கும்போதே, "அம்மா, எங்கே இருக்கே?" என்று கேட்டாள்.

வடிவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இதோ நிக்கிறேனே கண்ணு! தெரியலையா?"

"பகல்ல தெரியுதும்மா. பொழுது சாஞ்சா எல்லாம் மங்கலா ஆயிடுது."

முயல் குட்டிக்குப் பொழுது சாய்ந்தபின் கண் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்று வடிவுக்குத் தெரியும். அந்தக் குளக்கரையில் மாலை மயங்கியதும் கூகை என்கிற பெரிய ஆந்தை சத்தமே இல்லாமல் சுற்றும். அது வருவதைக் காதால் கேட்க முடியாது. கண்ணால் பார்த்து ஓடினால்தான் உண்டு. வடிவு பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். விடிந்ததும் குன்றிமணியை முடிந்துகொண்டு நரியின் கடைக்கு ஓடினாள்.

நரியின் பெயர் தேனப்பன். பேர் வைத்தவர்கள் ஏமாறவில்லை. அவன் பேச்சு அவ்வளவு இனிப்பு. சந்தையில் பனைமரத்தடியில் கடை போட்டிருந்தான்.

"வா தங்கச்சி, வா! ஏன் முகம் வாடிக் கிடக்கு?"

"அண்ணாச்சி, புள்ளைக்கு அந்தியில கண்ணு தெரியலை."

"இதுக்கா அழுறே?" தேனப்பன் செக்கச்செவேல் என்று ஓர் உருண்டையை எடுத்தான். தேக்கிலையில் சுருட்டி, மேலே ஒரு மயிலிறகு செருகியிருந்தது. "கண்ணொளி உருண்டை! ஒரு கூடைக் கீரையோட சத்தை அப்படியே பிழிஞ்சு இந்த ஒரு உருண்டைக்குள்ள அடைச்சிருக்கேன். பணக்காரப் புள்ளைங்க எல்லாம் இதைத்தான் சாப்பிடுது."

"விலை?"

"உனக்குன்னு சொல்றேன், ஒரு கைப்பிடி."

ஒரு நாள் உழைப்பு முழுவதும் ஓர் உருண்டை! வடிவு ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. பிள்ளையை விடக் குன்றிமணி பெரிதா?

அன்று வாசலில் காக்கைக்கு அந்த உருண்டையில் ஒரு பங்கு வைத்தாள். அஞ்சலை கொத்திப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். சிறிது நேரத்தில் ஆலமரத்திலிருந்து சத்தம் கேட்டது.

"வடிவு வீட்டுல கண்ணொளி உருண்டை! புள்ளையை எப்படி வளர்க்கிறா பாரு! தாய்னா அவதான் தாய்!"

வடிவின் காதுகள் இரண்டும் நிமிர்ந்து நின்றன. அவ்வளவு பெருமை. அன்றிலிருந்து தினமும் வீட்டில் உருண்டைதான். காக்கையின் பங்கும் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிக்கொண்டே போனது. சின்னப் பங்கு வைத்தால் அஞ்சலை வாயைத் திறந்துவிடுவாளே!

மிச்சம் பட்டுவுக்கு. இனிப்பாக இருந்ததால் அவளும் நக்கி நக்கித் தின்றாள்.

சரி, குன்றிமணி எல்லாம் உருண்டைக்கே போய்விட்டதே, வடிவு என்ன சாப்பிட்டாள் என்று கேட்கிறீர்களா? அதுதான் அவள் யாருக்கும் சொல்லாத விஷயம். பொழுது புலரும் முன்னால், அஞ்சலை கண் விழிக்கும் முன்னால், வடிவு மெல்ல எழுந்து குளக்கரைக்குப் போவாள். அங்கே சேற்று ஈரத்தில் பொன்னாங்கண்ணி படர்ந்திருக்கும். குப்பைக்கீரையும் இருக்கும். சடைச்சி பறிக்கிற அதே கீரை! அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அவசர அவசரமாக மென்று விழுங்குவாள்.

'நமக்கென்ன, எதையாவது தின்னு வயித்தை நிரப்பினா போதும். நல்லது புள்ளைக்குப் போகட்டும்' என்று நினைத்துக்கொள்வாள்.

பிறகு ஓர் இலையால் மீசையை நன்றாகத் துடைத்துக்கொள்வாள். தூங்குகிற பட்டுவின் நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு வேலைக்குக் கிளம்புவாள்.

பாவம், மனசு முழுக்கப் பாசம்தான் அவளுக்கு. அதனால்தான் அவள்மேல் கோபம்கூட வரமாட்டேன் என்கிறது.

நாள்கள் போயின. பட்டுவின் கண் தெளியவில்லை. உடம்பும் இளைத்தது. மென்மையான ரோமம் கொத்துக் கொத்தாக உதிர ஆரம்பித்தது.

வடிவு மறுபடியும் கடைக்கு ஓடினாள். "அண்ணாச்சி, இன்னும் சரியாகலையே!"

தேனப்பன் தலையை ஆட்டினான். "அப்படின்னா ஒரு உருண்டை பத்தலை, தங்கச்சி. ரெண்டாக் குடு."

"ரெண்டுக்கு எங்கே போவேன்?"

"தாய் மனசு வச்சா முடியாதது உண்டா?" என்றான் நரி.

அந்தப் பேச்சு போதாதா ஒரு தாய்க்கு? மறுநாள் வடிவு அருகிலிருந்த இலவ மரத்தோடு நிற்காமல், மேற்கே மலையடிவாரத்து இலவ மரம்வரை போனாள். முதுகு வலிக்க வலிக்கப் பஞ்சு பொறுக்கினாள். அதனால் திரும்பி வரப் பொழுது சாய்ந்துவிட்டது.

புதரடியில் பட்டு காத்துக்கொண்டிருந்தாள். வெயில் இறங்கியது. மங்கல் வந்தது. அம்மா வரவில்லை. எங்கோ சருகு சலசலத்தது.

"அம்மாதான் வருது!" என்று பட்டு எழுந்து சத்தம் வந்த பக்கம் நடந்தாள். அது அம்மா இல்லை, வெறும் காற்று. திரும்பி வர வழி தெரியவில்லை. வலது பக்கம் போனாள், முள் குத்தியது. இடது பக்கம் போனாள், பள்ளம். வெட்டவெளியில் நடுங்கிக்கொண்டு நின்றாள்.

"அம்மா! அம்மா!"

அந்தக் குரல் அம்மாவின் காதில் விழவில்லை. கூகையின் காதில் விழுந்தது.

மேலேயிருந்து ஒரு நிழல் இறங்கியது. பட்டுவுக்கு அது தெரியவே இல்லை. முதுகில் நகம் கீறியபோதுதான் வீலென்று கத்தினாள். அதே நொடியில், பக்கத்து வளையிலிருந்து கலகலவென்று ஒரு சத்தத்தோடு முட்கள் சிலிர்க்க ஓடிவந்தாள் சடைச்சி.

"யாருடா அது, என் வாசல்ல?"

முட்களைக் கண்டதும் கூகை பிடியை விட்டுப் பறந்தது. அதன் காலில் ஒரு கொத்து ரோமம் மட்டும்தான் மிஞ்சியது.

சடைச்சி தன் முட்களை மெல்லப் படுக்க வைத்தாள். ஒரு முள்கூடப் படாமல் பட்டுவைத் தன் வயிற்றோரமாக ஒதுக்கி அணைத்துக்கொண்டு வளைக்குள் போனாள்.

"பயப்படாதே கண்ணு. பெரியம்மா இருக்கேன்ல? எலும்பா இருக்கியே, எப்ப சாப்பிட்டே?"

"காலையில உருண்டை சாப்பிட்டேன்."

"உருண்டை ஒரு சாப்பாடா? வா, எங்க புள்ளைங்களோட உக்காரு."

கொஞ்ச நேரத்தில் வடிவு வந்து சேர்ந்தாள். புதரடி காலி. வெளியில் சிதறிய ரோமம். அவளுக்கு உயிரே போய்விட்டது. "பட்டு! பட்டு!" என்று கதறிக்கொண்டு அங்கும் இங்கும் ஓடினாள்.

"இங்கே இருக்கா, கத்தாதே!" என்று சடைச்சியின் குரல் கேட்டது.

வடிவு வளைக்குள் பாய்ந்து பிள்ளையை அள்ளிக்கொண்டாள். நக்கினாள், முகர்ந்தாள், முதுகுக் காயத்தைத் தடவினாள், மறுபடியும் நக்கினாள். பிறகு பார்த்தால், பட்டுவின் கையில் பச்சை நிறத்தில் ஒரு கவளம். கிழங்கும் கீரையும் இடித்த கவளம்.

உயிரோடு பிள்ளை கிடைத்த அந்த நேரத்திலும் வடிவின் காது ஆலமரத்துப் பக்கம் திரும்பியதே, அதை என்னவென்று சொல்ல!

"அக்கா! என் புள்ளைக்குக் குப்பைக்கீரையா குடுத்தே?"

சடைச்சியின் முட்கள் லேசாக எழுந்தன. "ஆமா, குடுத்தேன். பசின்னுச்சு. எங்க வீட்டுல இருந்தது அதான். அஞ்சலை பாத்திருவாளோன்னு நடுங்காதே. காக்கைக்கு இந்நேரம் கண்ணு தெரியாது."

வடிவு வாயைத் திறந்தாள். அவள் ஏதோ கடுமையாகச் சொல்லியிருப்பாள். அதற்குள் பட்டு அந்தக் கவளத்தை மூக்கருகில் வைத்து மறுபடியும் முகர்ந்து பார்த்தாள்.

"அம்மா," என்றாள், "இதுல உன் வாசனை வருது."

"என்னடி சொல்றே?"

"காலையில நான் தூங்கும்போது முத்தம் குடுப்பியே, அப்ப இந்த வாசனைதான் வரும். இது அம்மா வாசனை. எனக்கு ரொம்பப் பிடிக்கும்."

சடைச்சி வடிவைப் பார்த்தாள். வடிவு தரையைப் பார்த்தாள். அவளுடைய நீளக் காதுகள் இரண்டும் மடிந்து தொங்கின.

"அக்கா," என்றாள் வடிவு மெதுவாக. "நானும் அதான் தின்கிறேன். தினமும். விடியறதுக்கு முன்னாடி, யாருக்கும் தெரியாம."

"ஐயோ!" என்று சடைச்சி சிரிக்க ஆரம்பித்தாள். முட்கள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். "உருண்டை வாங்குறவ பெரிய பணக்காரின்னுல்ல நினைச்சிட்டிருந்தேன்! கரையோரம் கீரை குறையுதே, எந்தக் கழுதை மேயுதுன்னு திட்டிட்டு வேற இருந்தேன்!"

வடிவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் வேறு எதையோ நினைத்துக்கொண்டிருந்தாள். மலையடிவாரத்திலிருந்து இருட்டும் நேரத்தில் ஓடிவந்தோமே, ஒரு கல்கூடத் தடுக்கவில்லையே. உதிர்ந்த ரோமம் ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரிந்ததே. நல்லது என்று பிள்ளைக்குக் கொடுத்தது எது, மட்டம் என்று தான் தின்றது எது?

"அக்கா," என்றாள், "என் கண்ணு நல்லாத் தெரியுது. என் புள்ளைக்குத் தெரியலை. நல்ல சாப்பாட்டை எல்லாம் நான்தான் தின்னுட்டிருக்கேன், அக்கா! என் புள்ளை வாயிலேர்ந்து பிடுங்கித் தின்ன மாதிரி தின்னுட்டிருக்கேன்!"

அவள் விம்மி விம்மி அழுதாள். சடைச்சி சிரிப்பை நிறுத்தினாள். முள்ளுக்காரிக்குத் தோளில் கை போட்டு ஆறுதல் சொல்லத் தெரியாது, தெரிந்தாலும் முடியாது. அதனால் இன்னொரு கவளத்தை உருட்டி வடிவின் கையில் வைத்தாள்.

"இதையாவது உக்காந்து தின்னு. இன்னைக்கு மறைஞ்சு திங்க வேண்டாம்ல?"

மறுநாள் வடிவு, முந்தின நாள் சம்பாதித்த குன்றிமணியோடு சந்தைக்குப் போனாள். காலையில் போகவில்லை. சந்தை கலைகிற நேரமாகப் பார்த்துப் போனாள். மூட்டை கட்டும் நேரத்தில் எல்லோரும் விலையைக் குறைப்பார்கள் என்று சடைச்சி சொல்லியிருந்தாள்.

"வா தங்கச்சி!" என்று தேனப்பன் இரண்டு உருண்டைகளை எடுத்து வைத்தான். "ரெண்டுதானே?"

"அண்ணாச்சி, ஒரு சந்தேகம். ஒரு கூடைக் கீரையோட சத்து இந்த உருண்டைக்குள்ள இருக்குன்னு சொன்னீங்க இல்லே?"

"சத்தியமா!"

"கூடைக் கீரை கரையில சும்மாவே கிடைக்குதே. அதையே குடுத்துட்டா என்ன?"

தேனப்பன் வாயிலிருந்து முதல் தடவையாக இனிப்பு காணாமல் போனது. "அ... அது... கீரை எல்லாம் ஏழைங்க திங்கிறது, தங்கச்சி!"

"நான் ஏழைதானே அண்ணாச்சி!" என்றாள் வடிவு. சொன்ன பிறகு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அந்த வார்த்தையைச் சொன்னால் வானம் இடிந்து விழும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். ஒன்றும் விழவில்லை.

தானியம் விற்கும் புறாவிடம் போய்க் கொஞ்சம் கொள்ளும் கொஞ்சம் கேழ்வரகும் வாங்கினாள். ஓரத்தில் அடிபட்டதால் யாரும் தொடாத ஒரு பப்பாளிப்பழத்தைப் பேரம் பேசி வாங்கிக்கொண்டாள். அடிபட்டது தோல்தான், பழம் நன்றாகத்தான் இருந்தது. எல்லாம் வாங்கியும் கையில் சில குன்றிமணி மிஞ்சியிருந்தது. வெகு நாளைக்குப் பிறகு அவள் முடிச்சில் எதையாவது வைத்துக்கொண்டு வீடு திரும்பியது அன்றுதான்.

கொள்ளை ஊறவைத்து, ஈர இலையில் கட்டி முளைக்க வைத்தாள். முளை விட்டதும் பொன்னாங்கண்ணியோடு சேர்த்து இடித்தாள். பட்டு பக்கத்திலேயே உட்கார்ந்து, வெந்தது வேகாதது என்ற கவலை இல்லாமல், இடிக்க இடிக்க எடுத்துத் தின்றுகொண்டிருந்தாள். அந்தக் காட்டில்தான் அடுப்பே கிடையாதே!

"இரு, இரு! முதல் கவளம் காக்கைக்கு," என்றாள் வடிவு.

வாசலில் இலையைப் போட்டாள். பச்சைக் கவளத்தை அதன் நடுவில் வைத்தாள். வைத்துவிட்டு ஆலமரத்துப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

அஞ்சலை வந்தாள். பார்த்தாள். ஒரு காலால் கவளத்தைத் தள்ளினாள்.

"என்ன வடிவு இது? உருண்டை எங்கே?"

"இன்னைக்கு இதான் அக்கா."

"இது காக்கைக்கு வைக்கிற சாப்பாடா?"

"என் புள்ளை சாப்பிடுற சாப்பாடு," என்றாள் வடிவு.

அஞ்சலைக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. சிறகை அடித்துக்கொண்டு ஆலமரத்து உச்சிக்குப் போனாள். "கேட்டுக்குங்க, கேட்டுக்குங்க! வடிவு வீட்டுல குப்பைக்கீரை! உருண்டைக்காரி நொடிச்சுப் போயிட்டா! குப்பைக்கீரை!"

காடு சிரித்தது. மயில் தோகையை மூடிக்கொண்டு சிரித்தது. கரடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. வடிவின் காதுகள் சூடாகி, மடியப் பார்த்தன. அப்போது பட்டு இலையில் இருந்த காக்கையின் பங்கைக் காட்டி, "அம்மா, அஞ்சலை அக்கா தின்னலையே, அதையும் நான் எடுத்துக்கவா?" என்று கேட்டாள்.

வடிவு பிள்ளையைப் பார்த்தாள். அந்த வாயில் இன்னும் பசி இருந்தது. இத்தனை நாள் அந்த வாயிலிருந்து எடுத்துத்தான் அஞ்சலைக்குப் போட்டிருந்தாள்.

அவள் வாசலில் நிமிர்ந்து நின்று, அண்ணாந்து பார்த்துக் கத்தினாள். "அஞ்சலை அக்கா! பாதியை விட்டுட்டியே! முளைகட்டின கொள்ளும் போட்டிருக்கேன், அதையும் சேத்துச் சொல்லு!"

பக்கத்து வளையிலிருந்து கலகலவென்று சடைச்சியின் முட்கள் குலுங்கும் சத்தம் கேட்டது.

மறைக்கிறவள் வீட்டு விஷயத்தைச் சொன்னால்தானே வம்பு. மறைக்காதவள் வீட்டைப் பற்றி என்ன சொல்வது? அஞ்சலை இரண்டு மூன்று நாள் கத்திப் பார்த்தாள். அப்புறம் அவளுக்கே அலுத்துவிட்டது.

ஒரு மத்தியானம் மயில் தோகையை ஒடுக்கிக்கொண்டு புதர் பக்கமாக வந்தது. யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, "வடிவு, சும்மாதான் கேக்குறேன்... அந்தக் கொள்ளை எப்படி முளைகட்டுறே?" என்றது. மயில் வீட்டில் இருந்த அத்திப்பழம் காக்கைக்கு வைக்கிற அந்த ஒன்றே ஒன்றுதான் என்பது வடிவுக்கு அப்போதுதான் தெரிந்தது. வடிவு சிரிக்கவில்லை. உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தாள்.

பட்டுவின் கண் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. அப்படிச் சொன்னால் நானும் தேனப்பன் மாதிரி ஆகிவிடுவேன். கீரையும் கிழங்கும் கொள்ளும், உதிர்ந்து கிடந்தால் நாவல்பழமும், அடிபட்டது கிடைத்தால் பப்பாளியும் என்று நாள்கள் நகர்ந்தன. வடிவு அருகிலிருந்த இலவ மரத்தோடு நின்றுகொண்டாள்; பொழுதோடு வீட்டுக்கு வந்தாள். சடைச்சி கிழங்கு தோண்டினால் வடிவுக்கு ஒரு பங்கு. வடிவு முட்புதருக்குள் கை நுழைத்துக் கீரை பறித்தால் சடைச்சிக்கு ஒரு பங்கு. பட்டுவின் முதுகில் புது ரோமம் முளைத்தது. சடைச்சியின் பிள்ளைகளோடு நாளெல்லாம் உருண்டு விளையாடினாள்.

ஆனாலும் ஒவ்வொரு மாலையும் வடிவு பயத்தோடுதான் கேட்பாள். "தெரியுதா கண்ணு?"

"கொஞ்சம்," என்பாள் பட்டு.

ஒரு நாள் சூரியன் இறங்கியபின் அம்மாவும் பிள்ளையும் குளக்கரையில் இருந்தார்கள். நாளைக்கென்று நாலு கொழுந்து பறித்துக்கொண்டே, ஒன்றிரண்டை வாயிலும் போட்டுக்கொண்டிருந்தாள் வடிவு. குனிந்த தலை நிமிரவில்லை.

"அம்மா! கூகை!"

வடிவு திரும்புவதற்குள் பட்டு பாய்ந்து வந்து தன் முழு உடம்பாலும் அம்மாவை மோதித் தள்ளினாள். இருவரும் உருண்டு புதருக்குள் விழுந்தார்கள். அவர்கள் இருந்த இடத்தில் கூகையின் நகங்கள் வெறும் சேற்றைக் கிழித்துவிட்டு மேலே போயின.

புதருக்குள் வடிவு நடுங்கிக்கொண்டே பிள்ளையைப் பிடித்துக்கொண்டாள். "எப்படிடி பாத்தே? நானே பாக்கலையே! பொழுது சாஞ்சிருச்சே!"

"தெரிஞ்சுதும்மா. ஆலமரத்துலேர்ந்து கிளம்பும்போதே தெரிஞ்சுது."

வடிவு பிள்ளையின் முகத்தைத் தன் இரண்டு கைகளுக்குள் பிடித்தாள். கேட்கப் பயமாக இருந்தது. ஆனாலும் கேட்டாள். "என்னைத் தெரியுதா?"

பட்டு அந்த மங்கலில் அம்மாவை உற்றுப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"தெரியுதே! உன் மீசையில கீரை ஒட்டியிருக்கு."

பழக்க தோஷத்தில் துடைக்கப் போன வடிவின் கை பாதியில் நின்றது. அவள் துடைக்கவில்லை. அழுதுகொண்டே சிரித்து, அந்த மீசையோடே பிள்ளைக்கு முத்தம் கொடுத்தாள்.

நீதி: கையில் இருப்பது கொஞ்சம் என்றால், அதை ஊர் வாய்க்குப் போடாதே, பிள்ளையின் வயிற்றுக்குப் போடு.